ஈரக் காற்று

மூடுபனியைத் தூரிகையால் எழுத முடியவில்லை. எழுதியதெல்லாம் வெள்ளை வர்ணமாகவே நின்றது. ஏர்பிரஷ் ஒன்று வாங்கினேன். அதற்கு மூச்சுக் கொடுக்க ஒரு கம்ப்ரஸர் வேண்டும் என்பது அடுத்த பிரச்னை.

சேலத்துக் கடையில் மூன்று காட்டினார்கள். தொட்டியில்லாத சிறு மெஷின் மலிவு. ஆனால் காற்று துடித்துத் துடித்து வரும், கோட்டில் அது தெரியும். பழைய ஃபிரிட்ஜிலிருந்து கழற்றியது சத்தம் போடாது. ஆனால் எண்ணெய் கக்கும். மூன்றாவது, 3 லிட்டர் தொட்டியுடன் ஆறில் ஒரு பங்கு குதிரைச் சக்தி. என் வேலைக்கு 15 முதல் 25 பி.எஸ்.ஐ. போதும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஆறில் ஐந்து பங்குதான். மெஷின் தரும் காற்றும் ஏறக்குறைய அந்த அளவுக்குக் குறையும். கணக்குப் போட்டு மூன்றாவதை வாங்கினேன். வாட்டர் ட்ராப்பை மட்டும், காசு மிச்சமென்று விட்டுவிட்டேன்.

ஜூலையில் ஒரு சாயங்காலம். சேர்வராயன் சரிவு முடியும் தறுவாயில் ஏர்பிரஷ் நீர்த்துளிகளைத் துப்பியது. அமுக்கிய காற்று ஆறும்போது அதிலுள்ள ஈரம் நீராகிவிடும். ஒரு மாத வேலை. ஜன்னலில் நுழைந்த பனியை மெஷின் விழுங்கிப் படத்தின்மேல் உமிழ்ந்திருக்கிறது.

1917 வாக்கில் மேன் ரே கித்தானைத் தொடாமலே இப்படி எழுதினார். இயந்திரத்தால் கலையை மலினப்படுத்துகிறார் என்றார்கள். கைபடாமல் எழுதுவதில் எனக்கும் ஒரு கர்வம் இருந்திருக்க வேண்டும்.

மறுநாள் வாட்டர் ட்ராப் வாங்கி வந்தேன். படம் சுவரோரம் இருக்கிறது. துளி விழுந்த இடங்களைச் சரிசெய்ய இன்னும் மனம் வரவில்லை.