சிட்டையும் பேரேடும்

கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில் தாத்தாவுக்கு ஒரு சின்னத் துணிக்கடை இருந்தது. கல்லாப் பக்கத்தில் எப்போதும் இரண்டு நோட்டுகள் கிடக்கும். ஒன்று சிட்டை, வியாபாரம் நடக்க நடக்க, வந்த வரிசையில் கிறுக்கி வைப்பது. இன்னொன்று பேரேடு, ஆளுக்கொரு பக்கம் பிரித்தது. ராத்திரி கடையைச் சாத்தியதும் சிட்டையில் இருப்பதைப் பேரேட்டில் ஏற்றிவிட்டுத்தான் தாத்தா சாப்பிடப் போவார்.

தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் அது நடக்காது. ஒரு சிட்டை நிரம்பும், அடுத்தது நிரம்பும். "தீவாளி முடியட்டும்டா, மொத்தமா ஏத்திடலாம்" என்பார்.

எனக்குப் பத்து வயது இருக்கும். பண்டிகை முடிந்த வாரம், தோட்டத்திலிருந்து வழக்கமாக வரும் பெரியவர் ஒருவரிடம், "200 வெள்ளி பாக்கி நிக்குதே" என்றார் தாத்தா. கடையில் நாலு பேர் இருந்தார்கள். "போன வாரமே கட்டிட்டேனே ஐயா" என்றார் அவர். தாத்தா பேரேட்டைத் திருப்பிக் காட்டினார். பெரியவர் எதுவும் பேசாமல் இன்னொரு தடவை கட்டிவிட்டுப் போனார். அன்று ராத்திரி மூன்றாவது சிட்டையில் அவர் பெயர் இருந்தது. மறுநாளே தாத்தா தேடிப்போய்ப் பணத்தைக் கொடுத்தார். அவர் வாங்கிக்கொண்டார். கடைக்கு மட்டும் மறுபடி வரவே இல்லை.

போன வருடம் ஒரு விற்பனை இரவுக்குப் பிறகுதான் அந்த முகம் எனக்குத் திரும்ப ஞாபகம் வந்தது.

கசாண்ட்ரா மாதிரியான டேட்டாபேஸ்கள் சிட்டை முறையில்தான் எழுதுகின்றன. 1996இல் பேட்ரிக் ஓ'நீலும் மற்ற மூவரும் எழுதிய கட்டுரையில் வந்த எல்எஸ்எம் மரம்தான் அடிப்படை. வரும் தகவலை மெமரியில் வாங்கும். நிரம்பியதும் வரிசைப்படுத்தி டிஸ்க்கில் ஒரு கோப்பாக இறக்கும். இறக்கிய கோப்பை அப்புறம் தொடாது. மாற்றம் வந்தால் புதுக்கோப்பில் புதுவரி. நீக்கினாலும் 'நீக்கியாச்சு' என்று ஒரு வரி. அதற்கு டூம்ஸ்டோன், கல்லறைக் கல், என்று பெயர். அதனால் எழுதுவது படுவேகம். இந்தக் கோப்புகளைச் சேர்த்து, செத்த வரிகளைக் கழித்து, ஒன்றாக்கும் வேலைக்குப் பெயர் கம்பேக்‌ஷன். அதாவது பேரேட்டில் ஏற்றுவது.

அந்த இரவு பிரிக்பீல்ட்ஸ் வாடகை அறையில் உட்கார்ந்து கிராஃபைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆர்டர்கள் கொட்டின. காத்திருக்கும் கம்பேக்‌ஷன்கள் ஏறிக்கொண்டே போயின. எழுதவும் சேர்க்கவும் ஒரே டிஸ்க்தான், இரண்டும் அடித்துக்கொண்டன. விற்பனை முடியட்டும், அப்புறம் பார்த்துக்கலாம் என்று கம்பேக்‌ஷனை நிறுத்தும் கட்டளையைத் தட்டினேன். எழுத்து பறந்தது. குழுவில் பாராட்டு வந்தது.

காலையில் ஆர்டர் பக்கம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. ஒரே ஒரு ஆர்டரின் நிலையைச் சொல்லப் பல கோப்புகளைத் திறந்து பார்க்க வேண்டியிருந்தது. கம்பேக்‌ஷனைத் திரும்ப ஓடவிட்டேன். புதுக்கோப்பை முழுசாக எழுதி முடித்த பிறகுதான் பழையதை அழிக்க முடியும். டிஸ்க்கில் அதற்கும் இடம் போதவில்லை. நிலுவை தீர இரண்டு நாள் ஆனது.

அந்த இரண்டு நாளும் டேட்டாபேஸ் தப்பாகப் பதில் சொல்லவில்லை. எல்லாச் சிட்டைகளையும் புரட்டிப் பார்த்தது, அதனால்தான் தாமதித்தது. பொறுமை இல்லாதது எங்கள் செயலிக்குத்தான். பதில் வரத் தாமதமானால் கையில் இருந்த பழைய நகலைக் காட்டும்படி நாங்களே எழுதியிருந்தோம். அது 'பணம் கட்டப்படவில்லை' என்றது. சிலர் இரண்டாவது தடவை கட்டினார்கள்.

பெரிய இடங்களும் இதில் மாட்டியிருக்கின்றன. டிஸ்கார்ட் தன் செய்திகளை 2017இல் 12 கசாண்ட்ரா சர்வர்களில் வைத்திருந்தது. 2022 தொடக்கத்தில் 177. கம்பேக்‌ஷன் பின்தங்கும்போது ஒரு சர்வரைச் சேவையிலிருந்து விலக்கி, நிம்மதியாகச் சேர்க்கவிட்டு, திரும்பக் கொண்டுவருவார்கள். அது இல்லாத நேரத்தில் வந்ததை மற்ற சர்வர்கள் குறித்துவைத்திருந்து கொடுக்கும். நிலுவை தீரும்வரை இதையே திரும்பத் திரும்பச் செய்வார்கள். அதற்கு 'கிசுகிசு நடனம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். கடைசியில் வேறு டேட்டாபேஸுக்கு மாறினார்கள்.

அடுத்த தீபாவளியிலிருந்து தாத்தா மத்தியானம் மூன்று மணிக்குக் கடைக்கதவைப் பாதி இறக்கிவிட்டு அரை மணி நேரம் பேரேடு எழுதினார். வெளியே ஆட்கள் முணுமுணுத்தார்கள். சிலர் பக்கத்துக் கடைக்குப் போனார்கள். இத்தனை வியாபாரம் போகுதே என்று எனக்குக் கோபமாக வந்தது.

இப்போது எங்களிடமும் கம்பேக்‌ஷனுக்கென்று ஒரு பங்கு ஒதுக்கியிருக்கிறது. நிலுவை ஏறினால் புது ஆர்டர்கள் வரிசையில் கொஞ்சம் காத்திருக்கும். அடுத்த விற்பனைக்கு முந்தைய கூட்டத்தில், "அன்னிக்கு ஒரு ராத்திரி மட்டும் அதை நிறுத்தி வைக்கலாமா?" என்று கேட்டார்கள். முடியாது என்றேன். கிராஃபைக் காட்டிக் காரணம் சொன்னேன். பெரியவரைப் பற்றிச் சொல்லவில்லை.