சங்கிலி போன வழி

நான் நார்வேக்குக் கிளம்பிய காலத்தில் கோவிலம்பாக்கத்தில் வழி சொல்ல ஒரு கிணறும் ஒரு வேப்பமரமும் போதும். இப்போது மெட்ரோ தூணை வைத்துச் சொல்கிறார்கள். "தூணுக்கு எதிர்ச் சந்து மாமா, நேரா வாங்க" என்றான் அக்கா மகன். எந்தத் தூண் என்று கேட்டால் சிரிக்கிறான். மாதவரத்தில் ஆரம்பித்துப் பரங்கிமலை, கீழ்க்கட்டளை, கோவிலம்பாக்கம், மேடவாக்கம், பெரும்பாக்கம் என்று சோழிங்கநல்லூர் வரை போகிற பாதை அது. ஊர்ப் பெயர்களை அந்த வரிசையில் கேட்டதும் எனக்கு ஞாபகம் வந்தவர் வில்லியம் லாம்டன்.

1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலை அடிவாரத்தில் அவர் தரையை அளக்கத் தொடங்கினார். தென்முனை, பெரும்பாக்கம் குன்று. நடுவே ஏழரை மைல், கிட்டத்தட்ட 12 கிலோமீட்டர். வரைபடத்தில் இரண்டு முனைகளையும் கோடு போட்டு இணைத்தால் அது எங்கள் ஊரை உரசிக்கொண்டு போகும். கையிலிருந்தது நூறு அடி நீள எஃகுச் சங்கிலி. அதை வெறும் தரையில் இழுத்துப் போகவில்லை. முக்காலிகள் நட்டு, அவற்றின்மேல் மரப்பெட்டிகளை மட்டம் பார்த்து வைத்து, பெட்டிக்குள் சங்கிலியை நீட்டி, வெயில் படாமல் கூடாரம் போட்டு, வெப்பமானியைப் பார்த்துக் குறித்தார்கள். சூட்டில் எஃகு நீளும். அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சங்கிலியை எடுத்து நானூறு தடவை வைக்க வேண்டும், அதுவும் கத்திரி வெயிலில். பெட்டி சுமந்தவர்களின் பெயர் எந்த ஊர் வாயிலும் இல்லை.

இத்தனை பாடு எதற்கு? முக்கோணத்தில் ஒரு பக்கமும் கோணங்களும் தெரிந்தால் மற்ற பக்கங்களை அளக்காமலே கண்டுபிடிக்கலாம். அப்படி முக்கோணத்தோடு முக்கோணம் கோத்துக் குமரியிலிருந்து இமயம் வரை போனார்கள். கோணம் பார்க்கும் கருவி அரை டன் கனம். 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தில் ஏற்றும்போது கயிறு அறுந்து அடிபட்டது, லாம்டனே உட்கார்ந்து செப்பனிட்டார். இங்கே தொடங்கிய அந்த அளவையின் தொடர்ச்சியில்தான் 1856இல் உலகின் மிக உயர்ந்த சிகரம் 29,002 அடி என்று அறிவித்தார்கள். சிகரத்துக்கு வைத்தது லாம்டனுக்குப் பின் வந்த எவரெஸ்டின் பெயரை. லாம்டன் 1823இல் ஹிங்கன்காட்டில் செத்துப்போனார்.

நார்வேயின் வடகோடி ஹாமர்ஃபெஸ்டில் உச்சியில் பூமி உருண்டை வைத்த தூண் ஒன்று இருக்கிறது. வானியலாளர் ஸ்ட்ரூவ 1816இல் ஆரம்பித்த இதே மாதிரி அளவை அங்கேதான் முடிகிறது. நம்முடையது தொடங்கிப் பதினான்கு வருஷம் கழித்துத் தொடங்கியது அது. பத்து நாடுகள் சேர்ந்து முப்பத்து நான்கு அளவுப் புள்ளிகளைக் காப்பாற்றின. 2005இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக்கியது. கப்பலில் வருகிறவர்கள் வரிசையில் நின்று படம் எடுக்கிறார்கள். அதைப் பார்த்தபோது பெருமைப்பட முடியவில்லை, எரிச்சல்தான் வந்தது.

நம் பரங்கிமலை உச்சியில் லாம்டனுக்கு ஒரு மார்பளவுச் சிலை உண்டு. தேவாலயத்துக்கு வருகிறவர்கள் யாரோ வெள்ளைக்காரர் என்று கடந்துபோகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். சிலை ஆளைக் காட்டுகிறது, அவர் அளந்த கோட்டைக் காட்டவில்லை. மலைமேல் நின்று தெற்கே பார்த்தால் அந்தக் கோடு முழுக்கக் கண்முன் கிடக்கிறது. இதோ இங்கிருந்து அதோ அந்தக் குன்று வரை என்று கைகாட்ட ஒரு கல்வெட்டுப் பலகை போதும். பக்கத்துப் பல்லாவரமும் இதே கதைதான். 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபுட் கற்காலக் கைக்கோடரியைக் கண்டெடுத்த ஊர் என்று அங்கே பேருந்துக்கு நிற்கிற எத்தனை பேருக்குத் தெரியும்?

இத்தனைக்கும் அளவையைப் பற்றி எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. மனை வாங்கி விற்றே வளர்ந்த ஊர். சர்வே நம்பரைக் குழந்தை பிறந்த தேதி மாதிரிச் சொல்வார்கள். எல்லைக்கல் ஒரு சாண் நகர்ந்தால் சண்டை. "இந்த வழியாத்தான் இமயமலைக்கே சங்கிலி பிடிச்சுப் போனாங்க" என்றதும் அத்தான் நிமிர்ந்து உட்கார்ந்து, "யார் பட்டா நிலத்துல?" என்று கேட்டார்.

புதிதாகச் சிலை வேண்டாம். கோடு தொடங்கிய ஊரிலும் முடிந்த ஊரிலும் நடுவே எங்கள் ஊரிலும் மெட்ரோ நிலையம் வருகிறது. பூச்சு காயுமுன் நடைமேடைத் தரையில் நூறு அடிக்கு ஒரு பித்தளைக் கோடு பதிக்கலாம், சுவரில் முக்கோணங்களை வரையலாம். விளம்பரத்துக்குச் சுவரை ஏலம் விடுவதற்குள் யாராவது மனுப் போட வேண்டும். அத்தானிடம் சொல்லியிருக்கிறேன், மனு எழுதுவதில் அவர் கில்லாடி.