கைக்கேற்ற கைபிடி

யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் வளரும் பிள்ளைக்குத் துவிச்சக்கரவண்டி வெறும் ஊர்தி அன்று. வளர்ச்சியை அளக்கும் கோலும் அதுவே. முதலில் தகப்பனுடைய வண்டியின் பாரிலே அமர்ந்து போகின்றான். பின்னர் தமையனுடைய வண்டியின் கரியரிலே. கால் எட்டாத பருவத்திற் பாருக்குக் கீழாகக் காலை நுழைத்து ஓடப் பழகுகின்றான். இறுதியில் ஒருநாள் ஆசனத்தில் அமர்ந்து, ஊரவர் ஹாண்டில் என்று சொல்லும் கைபிடியை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு, படலையைத் தாண்டிப் போகின்றான். எங்கே போவது, எப்போது திரும்புவது என்பவற்றைத் தானே தீர்மானிக்கும் மனிதனாக அன்று அவன் ஆகிவிடுகின்றான். 1990 களின் முற்பகுதியில், குடாநாட்டுக்கு எரிபொருள் தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில், பள்ளிக்கூடமும் சந்தையும் வைத்தியசாலையும் இவ்வண்டியை நம்பியே இயங்கின.

அதே போர்க்காலம் பலருடைய கைகளையும் கால்களையும் கொண்டு போயிற்று. அவர்களுள் ஒருவனை எண்ணிப் பார்க்கலாம். அவனுக்குப் பெயர் வேண்டியதில்லை. வடபுலத்தில் எந்த ஊரிலும் அவன் இருக்கக்கூடும். சிறுவயதில் எறிகணை வீச்சில் வலக்கையை முழங்கைக்குச் சற்றுக் கீழே இழந்தவன். 2009 இல் போர் ஓய்ந்தது, புண் ஆறியது, இடக்கையால் எழுதப் பழகினான், பரீட்சைகளிலும் தேறினான். ஆயின் வகுப்புக்குப் போவதற்கு மட்டும் அவன் மீண்டும் தமையனின் கரியருக்கே வர நேர்ந்தது. தமையனுக்கு வேலை இருக்கும் நாளில் அவனுக்கு வகுப்பு இல்லை. இரக்கத்துடன் ஏற்றிச் செல்பவர்கள் பலர் உண்டு. எனினும், ஏற்றிச் செல்லப்படுவதும் செல்வதும் ஒன்றல்ல என்பதைக் கரியரில் இருப்பவனே அறிவான்.

ஒற்றைக் கையால் வண்டி ஓடமுடியாதா என்று கேட்கலாம். நேரான வீதியில், மறுகையில் குடையோ பையோ பிடித்தபடி ஓடுபவர்களை நாள்தோறும் காணலாம். ஆனால் அவர்களுக்கு மறுகை இருக்கின்றது. இடர் நேரும் கணத்தில் அது கைபிடிக்கு ஓடிவரும். அது வராதவனுக்கு என்ன நேர்கின்றது என்பதை அறியக் கைபிடியின் தொழிலைச் சற்று ஆராய்தல் வேண்டும்.

கைபிடி திருப்புவதற்கென்றே உள்ளது எனப் பலரும் எண்ணுவர். 1817 இல் ஜேர்மனியரான கார்ல் டிறைஸ் மிதிகள் இல்லாத தமது இருசில்லு ஓடுபொறியை அமைத்தபோதே முன்சில்லைத் திருப்பும் வகையில் அதனைச் செய்தார். இருசில்லு வண்டி நிமிர்ந்து நிற்பதற்கே அத்திருப்பம் வேண்டும். வண்டி சாயும் பக்கத்துக்கு முன்சில்லைச் சிறிது சிறிதாகத் திருப்பிக்கொண்டிருப்பதனாலேயே ஓடுபவன் விழாதிருக்கின்றான். வலப்பக்கம் திரும்ப விரும்புபவன்கூட, தன்னையறியாமலே முதலில் முன்சில்லை இடப்பக்கம் சற்று அசைத்து, உடலை வலப்புறம் சாயவிட்டே திரும்புகின்றான். இவற்றோடு உடலின் பாரத்தில் ஒரு பங்கைத் தாங்குதலும், பிறேக்குகளை ஏந்தி நிற்றலும் கைபிடியின் தொழில்களே.

இத்தொழில்கள் யாவும் பிறேக் பிடிக்கும் கணத்தில் ஒன்றுகூடுகின்றன. வேகம் குறையும்போது உடல் முன்னோக்கித் தள்ளப்படுகின்றது. அத்தள்ளலை இரு கைகளும் சமமாகத் தாங்குமாயின் சில்லு நேரே நிற்கும். இடக்கை ஒன்றே தாங்குமாயின் கைபிடியின் இடமுனை முன்னே போக, சில்லு வலப்பக்கம் திரும்பும். வண்டிகள் இடப்புறமாக ஓடும் இலங்கை வீதியில் வலப்பக்கம் என்பது நடுவீதி. எதிரே பஸ் வரும் பக்கம். மேலும் பிரித்தானிய வழக்கின்படி அமைந்த வண்டிகளிற் பொதுவாக வலக்கைப் பிடி முன்சில்லையும் இடக்கைப் பிடி பின்சில்லையும் நிறுத்தும். நிறுத்தும்போது பாரம் முன்சில்லின் மீது சாய்வதனால் முன் பிறேக்கே வலியது. எனவே அவனிடம் எஞ்சியிருப்பது வலிமை குறைந்த பிறேக்கும், அதைப் பிடிக்குந்தோறும் நடுவீதிக்கு இழுக்கும் சில்லுமே ஆகும். அவனுடைய தாய் வண்டியைத் தொடவிடாமல் தடுத்ததற்குக் காரணம் அன்பு மட்டுமன்று. இயற்பியலும் அவள் பக்கமே நின்றது.

இந்நிலையில் அவன் சைக்கிள் திருத்தும் கடைக்கு வருகின்றான் எனக் கொள்ளலாம். நல்ல திருத்துநர் உடனே ஸ்பனரை எடுப்பதில்லை. வண்டியைச் சுவரோடு சாய்த்துப் பிடித்துக்கொண்டு, “தம்பி, ஏறி இரும். கையை எங்க வைக்கச் சுகமோ அங்க வையும். இரும்பை நான் பிறகு பாக்கிறன்” என்பார். அச்சொல்லில் ஒரு முழுச் சிந்தனை அடங்கியுள்ளது. தொழிற்சாலை தன் மனத்தில் ஒரு மனிதனை வைத்துக்கொண்டே வண்டியைச் செய்கின்றது. அவனுக்குச் சம நீளமுடைய இரு கைகள் உண்டு, பத்து விரல்களும் மடங்கும், தோள்கள் ஒத்திருக்கும். அம்மனிதனுக்குப் பொருந்தாதவன் தன் உடலையே குறையென எண்ணிக்கொள்கின்றான். திருத்துநரோ உடலை அளவாகவும் இரும்பைக் குறையாகவும் கொள்கின்றார்.

முதலிற் கவனிக்க வேண்டியது பிறேக். இரு கேபிள்களையும் ஒரே பிடி இழுக்கும் வண்ணம் அமைந்த பிறேக் பிடிகள் உண்டு. அதனை இடப்பக்கம் பூட்டலாம். ஒரு கையின் விசை இரண்டாகப் பிரிவதனால் கேபிள்கள் இறுக்கமின்றி ஓடவேண்டும். பின்கட்டை றிம்மைத் தொட்ட பின்னரே முன்கட்டை தொடும்படி சரிசெய்தல் நன்று. கம்பிகளால் இழுபடும் பிறேக்கையுடைய பழைய வண்டியாயின் வேலை கூடும். அதன் பிடிகள் கைபிடியோடு ஒன்றாய் அமைந்தவை. கட்டைகளும் றிம்மின் உட்புறத்தைப் பற்றுபவை. கேபிளுக்கு மாற்றுவதாயின் றிம்மையும் மாற்ற நேரிடலாம். மிதியைப் பின்னோக்கி மிதித்தால் நிற்கும் பின்சில்லு மற்றொரு வழி. ஜேர்மனியில் 1903 இல் எர்ணஸ்ற் சாக்ஸ் உருவாக்கிய ‘ரொப்பீடோ’ என்னும் சில்லுக்குடம் இவ்வகைக்குப் பெயர்பெற்றது. கையின் வேலையொன்றைக் கால் ஏற்றுக்கொள்ளும் ஏற்பாடு இது.

அடுத்தது வலக்கை. முழங்கைக்குக் கீழே எஞ்சியிருக்கும் பகுதி பற்றமாட்டாது. ஆனால் தாங்கும், தள்ளும். அதற்கு வேண்டியது ஓர் இருப்பிடம். கைபிடியின் வலப்பக்கத்தில் ஓர் உருக்குக் குழாயைப் பூட்டி, அக்கை எட்டுமளவுக்கு மேலும் பின்னுமாகக் கொண்டுவரவேண்டும். எவ்வளவு என்பதை நாடா சொல்லாது. ஆசனத்தில் அமர்ந்து தோளைத் தளர்த்தியிருக்கும்போது கை தானாக நிற்கும் இடத்தைச் சோக்கட்டியாற் குறித்துக்கொள்ள வேண்டும். ஊரவர் எஸ்லோன் பைப் என்னும் குழாயின் துண்டொன்றைச் சூடாக்கி இளக்கிக் கிண்ணம்போல் வளைத்து, உள்ளே பழைய ரியூப் இறப்பரை ஒட்டி அதன் முனையிற் பொருத்தினால் கைக்கு இருக்கை ஆயத்தம்.

இவ்விடத்தில் இரண்டு எச்சரிக்கைகள் உள. கைபிடியைத் தண்டு கவ்வும் நடுப்பகுதியிற் சூடேற்றலோ துளையிடலோ ஆகாது. பாரம் முழுவதும் வந்து சேரும் இடம் அது; அங்கே பலவீனம் வந்தால் முன்னறிவிப்பின்றி ஒடியும். அலுமினியக் கைபிடியை வளைக்கவே முயலக்கூடாது. மற்றது அதனினும் முக்கியமானது: கிண்ணத்தின் மேற்புறம் திறந்திருக்கவேண்டும். கை நழுவாதிருக்க வாரினாற் கட்டிவிடலாமே என்று உடன் வந்தவர்கள் சொல்லக்கூடும். விழும்போது வண்டி தனியே விழவேண்டும். மனிதன் அதனோடு கட்டுண்டு விழலாகாது. துணை என்பது வேண்டும்போது தாங்கவும் வேண்டாதபோது விட்டுவிடவும் அறிந்ததாக இருத்தல் வேண்டும்.

இம்முயற்சி கைகளை இழந்தவர்களுக்கு மட்டும் உரியதன்று. கைபிடி மிகத் தாழ்ந்தோ தொலைவிலோ இருந்தால் உள்ளங்கையின் வெளிப்புறத்தில் ஓடும் நரம்பு நசுங்கி, சுண்டுவிரலும் மோதிரவிரலும் விறைத்துப்போகும். மூட்டுவாதத்தால் விரல் மடங்காதவருக்கு மெல்லிய பிடி துன்பம்; இறப்பரைச் சுற்றித் தடிப்பாக்கினால் அது பற்றுதற்கு எளிதாகும். தோள் குறுகிய பெண்ணுக்கு அகன்ற கைபிடி சுமை. இருமுனைகளிலும் சிறிது அறுத்துவிட்டால் அது அவளுடையதாகும். உடல்கள் வேறுபட்டவை என்பது விதிவிலக்கன்று, விதியே.

வரலாறும் இதற்குச் சான்று பகரும். ஜேர்மனியின் நூரெம்பேர்க்கை அடுத்த அல்ற்டோர்வில் வாழ்ந்த ஸ்ரெபான் பார்ப்ளர் என்னும் மணிக்கூட்டுத் தொழிலாளி கால்கள் இயங்காதவர். அவர் 1655 இல், கையாற் சுழற்றி முன்சில்லை ஓட்டும் முச்சில்லு வண்டியொன்றைத் தமக்கெனச் செய்துகொண்டார். டிறைஸின் பொறிக்கு அது ஒன்றரை நூற்றாண்டு மூத்தது. அண்மைக் காலத்தில் இங்கிலாந்தின் சாரா ஸ்ரோறி, இடக்கை முழுமையாக அமையாது பிறந்தவர், 1992 பார்சிலோனா பராலிம்பிக் போட்டிகளில் நீச்சல் வீராங்கனையாகத் தொடங்கி, பின்னர் துவிச்சக்கரவண்டி ஓட்டத்துக்கு மாறினார். 2024 பாரிஸ் போட்டிகள் முடிய அவர் பெற்ற பராலிம்பிக் தங்கப் பதக்கங்கள் 19.

ஒழுங்கையில் ஓடுபவனுக்குப் பதக்கம் கிடைப்பதில்லை. முதல் நாட்களில் அவன் கோயில் வீதியின் மணலில் இருமுறை விழுகின்றான். கிண்ணம் அரை விரற்கடை உள்ளே வரவேண்டும் என்பது அப்போதுதான் தெரிகின்றது. மீண்டும் கடைக்குப் போகின்றான், மீண்டும் சோக்கட்டி. ஒரு கிழமை கழித்து, தாய் படலையடியிற் பேசாது நிற்க, அவன் வகுப்புக்குத் தனியே போய்த் திரும்புகின்றான்.

பின்னொருநாள் தமையன் அவசரத்துக்கு அவ்வண்டியை எடுக்கின்றான். அவனுடைய வலக்கைக்குப் பிடி இல்லை. பிறேக் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கிண்ணம் இருக்கின்றது. இரண்டு கைகளும் இருந்தும் வண்டி தடுமாறுகின்றது. ஒழுங்கை முடக்கில் இறங்கிவிட்டுத் திரும்பிப் பார்க்கின்றான்.

“அண்ணை, ஓட ஏலாட்டிப் பின்னால இரும். நான் கொண்டு போய் விடுறன்” என்கின்றான் தம்பி.

தமையன் கரியரில் ஏறிக்கொள்கின்றான்.