முட்டிக்குள் ஒரு பாத்தி

போன ஆவணியில் மரக்காணத்து அத்தைக்கு வலது முட்டி ஒரே ராத்திரியில் பூசணிக்காய் மாதிரி வீங்கிவிட்டது. தொட்டால் சுட்டது. காய்ச்சல் வேறு. எழுபத்திரண்டு வயது. முதலில் பார்த்தவர் யூரிக் ஆசிட் என்று முடிவு கட்டி மீனை நிறுத்தச் சொன்னார். கடலோரத்துக்காரியை மீன் தின்னாதே என்பதைவிடப் பெரிய தண்டனை உண்டா? ஒரு வாரம் ரசஞ்சோறு. முட்டி மசியவில்லை.

புதுச்சேரியில் இன்னொரு மருத்துவர் ஊசி குத்தி முட்டிக்குள்ளிருந்து கலங்கல் நீரை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தார். படிகங்கள் ஊசி ஊசியாக இருந்தால் யூரிக் ஆசிட், அதாவது கவுட். அத்தையின் நீரில் இருந்தவை கட்டைகுட்டையான சாய்சதுரங்கள்: கால்சியம் பைரோபாஸ்பேட். 1962-இல் அமெரிக்காவில் டேனியல் மெக்கார்ட்டியும் கூட்டாளிகளும் இப்படிப் பார்த்துத்தான் இரண்டையும் பிரித்தார்கள். இரண்டாவதற்குப் 'பொய்க் கவுட்' என்று பெயரும் வைத்தார்கள். எக்ஸ்ரேயில் குருத்தெலும்புக்குள் மெல்லிய வெள்ளைக் கோடு தெரிந்தது.

"இருவது வருசம் அளத்துல உப்பு வாரினது பத்தாதுன்னு உள்ளயும் வெளைஞ்சிருக்கா கண்ணு?"

சாப்பிட்ட உப்போ, குடித்த பாலோ இதற்குக் காரணமில்லை. ஆனால் கால்சியம் என்று கேட்டதுமே அத்தை பாலை நிறுத்தியிருந்தாள். குருத்தெலும்பின் செல்களே வெளிவிடும் பைரோபாஸ்பேட் அங்குள்ள கால்சியத்தோடு சேர்ந்து படிகமாகிறது, வயதானால் அதிகம். வருடக்கணக்கில் சும்மா கிடக்கும். என்றைக்கோ உதிர்ந்து மூட்டுக்குள் விழும்போது வெள்ளணுக்கள் பாய்கின்றன, முட்டி எரிகிறது. படிந்ததைக் கரைக்க மருந்து இன்னும் இல்லை. வீக்கத்துக்குக் கொடுத்த கால்ச்சிசின் மாத்திரை நம் செங்காந்தள் விதையிலும் உள்ள பொருள்தான். அந்தச் செடியின் கிழங்கைத் தின்று செத்தவர்களும் உண்டு என்பதால் அத்தை மாத்திரையைச் சந்தேகமாகவே விழுங்கினாள்.

ரத்தத்தில் மெக்னீசியம் குறைவு என்றார்கள். ரத்த அழுத்தத்துக்காகச் சாப்பிட்ட, நீர் பிரிக்கும் மாத்திரை அதைச் சிறுநீரோடு வெளியேற்றியிருக்கலாமாம். மெக்னீசியம் போதுமான அளவு இருந்தால் பைரோபாஸ்பேட் அவ்வளவு எளிதில் படிகமாகாது.

உப்பள வரப்பில் உட்கார்ந்து இதைச் சொன்னபோது அத்தைக்கு நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. கடல்நீர் சுண்டச் சுண்டச் சுண்ணாம்பு முதலில் அடியில் இறங்கும், அப்புறம் ஜிப்சம். பத்தில் ஒரு பங்காகச் சுண்டும்போது உப்பு பூக்கும். கடைசிவரை படியாமல் நீரிலேயே நிற்பது மெக்னீசியம். உப்பு கசக்கும் என்று அந்த நீரை வெளியே திறந்துவிட்டுவிடுவார்கள்.

"நாங்க வேணாம்னு தொறந்து வுட்ட கசப்புத் தண்ணியா அது?"

"அதுல இருக்கறதுதான் அத்தை."

கொஞ்ச நேரம் பாத்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடல் பக்கம் மேகம் கறுத்திருந்தது. முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து, உப்புக் குவியலுக்கு ஓலை போட்டாயிற்றா என்று யாரையோ கூப்பிட்டாள்.