பழைய தட்டுக்களும் புதிய பெட்டியும்

ஏட்டுச் சுவடிகளைப் பேணிய நம் முன்னோர், ஓலை நைந்துபோகுமுன் அதிலுள்ளதைப் புதிய ஓலையிற் பெயர்த்தெழுதி வைப்பர். சுவடிப் பெட்டி தலைமுறை தலைமுறையாக அப்படியே இருக்கும். ஓலை மட்டும் மாறும். அண்மையில் எமது இல்லத்தில் நாம் செய்ய நேர்ந்ததோ இதற்கு நேர்மாறான காரியம். ஓலைகளை அப்படியே வைத்துக்கொண்டு பெட்டியை மாற்றினோம். ஓலை என்று இங்கே குறிப்பது நான்கு வன்தட்டுக்களை. பெட்டி என்பது அவற்றைத் தாங்கிநின்று, வீட்டிலுள்ள கணினிகளுக்கும் கைபேசிகளுக்கும் வேண்டியவற்றை எடுத்துக்கொடுக்கும் வலையமைப்புச் சேமிப்புப் பெட்டியை. கடைக்காரர் இதனைச் சுருக்கமாக ‘நாஸ்’ என்பர். ஒரு வீட்டுக்கு இஃது எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். எமக்கு அது வேண்டியிருந்த காரணத்தை முதலிற் சொல்லிவிடுகிறோம்.

திருமணப் படங்களும் பிள்ளைகளின் பிறந்தநாட் படங்களும் எல்லார் வீட்டிலும் உள்ளவையே. எமக்குக் கவலை தருவன வேறு. கல்லூரியில் தமிழ் கற்பிக்கும் எமக்குப் பன்னிரண்டு ஆண்டுகளாக ஒரு வழக்கம் உண்டு. உயர்தர வகுப்பு மாணவர் தத்தம் வீட்டிலும் அயலிலும் உள்ள முதியோரிடம் சென்று, கிண்ணியாப் பகுதியின் கவிகளையும் தாலாட்டுக்களையும் விடுகதைகளையும் ஒலிப்பதிவு செய்து வருவர். கொட்டியாரக் குடாவிற் கரைவலை இழுப்போர் வழங்கும் சொற்கள், வயல்வெளியில் மட்டும் கேட்கும் சொற்கள் ஆகியவற்றையும் கொண்டுவருவர். பாடிக் கொடுத்த மூதாட்டியருட் பலர் இன்று உலகில் இல்லை. அவர்களுடைய குரல் வேறெங்கும் இல்லை, அத்தட்டுக்களிலேதான் இருக்கிறது. மற்றொரு தொகுதியும் உண்டு. 2004 டிசெம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை இவ்வூர் மருத்துவமனையையும் விட்டுவைக்காமற் போன நாளில், குடும்பப் படங்களை இழந்தோர் எத்தனையோ பேர். தப்பிய சில படங்களை உப்புக்கறை படிந்தவாறே மாணவர் கொண்டுவந்து தந்தனர். அவற்றையும் படியெடுத்து வைத்தோம்.

பெட்டிக்கு வயது ஒன்பது. கடற்காற்று வீசும் ஊரில் இரும்பென்று பெயர் பெற்ற எதுவும் நெடுநாள் நிலைப்பதில்லை. திருகாணிகள் துருவேறின, மின்விசிறி இரவில் முனகத் தொடங்கியது, தயாரிப்பாளரும் அந்த வகைப் பெட்டிக்குப் புதிய மென்பொருள் வழங்குவதை நிறுத்திவிட்டனர். வலையமைப்பில் இணைந்த ஒரு கருவிக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வாராவிடின், அது கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லாத வீடு போன்றது. ஆனால் உள்ளிருந்த தட்டுக்களோ நலமாக இருந்தன.

அவற்றையும் சேர்த்து மாற்றிவிடலாமே என்றால், விலை குறுக்கே நிற்கிறது. 2022ஆம் ஆண்டு மார்ச்சிற்கும் மே மாதத்துக்கும் இடையில் டொலரின் விலை 200 ரூபாயளவிலிருந்து 360 ரூபாயளவுக்கு ஏறியதை ஈழத்து இல்லத்தரசர் எவரும் மறந்திரார். அதன்பின் இறக்குமதிப் பொருள் ஒவ்வொன்றையும் இருமுறை எண்ணியே வாங்குகிறோம். நான்கு தட்டுக்களையும் புதிதாக வாங்கினால் அவற்றின் விலையே பெட்டியின் விலையை எட்டிவிடும்.

வன்தட்டு என்னும் பொருள் வந்த வரலாறு சுவையானது. 1956ஆம் ஆண்டில் ஐபிஎம் நிறுவனத்தார் வெளியிட்ட ராமாக் பொறியில் இருபத்துநான்கு அங்குல விட்டமுள்ள ஐம்பது தட்டுக்கள் சுழன்றன. நிறை ஏறத்தாழ ஒரு தொன். கொள்ளளவு 5 மெகாபைட் மட்டுமே. இன்று மாணவி ஒருத்தி கைபேசியில் எடுத்தனுப்பும் ஒரு படமே அந்தப் பொறியை நிரப்பிவிடும்! பெரிய தட்டொன்றை நம்புவதிலும் மலிவான சிறு தட்டுக்கள் பலவற்றை ஒருங்கே கட்டிவைப்பது நன்று என்று பாட்டர்சன், கிப்சன், கட்ஸ் என்னும் மூவர் 1988இல் பெர்க்லிப் பல்கலைக்கழகத்திலிருந்து எழுதினர். ‘ரெய்டு’ எனப்படும் முறை அங்கிருந்து வந்ததே.

அதன் உட்பொருளை மாணவருக்கு நாம் இவ்வாறு விளக்குவதுண்டு. மூவரிடம் 7, 5, 9 என்னும் எண்களைக் கொடுங்கள். நான்காமவரிடம் அவற்றின் கூட்டுத்தொகையாகிய 21ஐக் கொடுங்கள். இரண்டாமவர் தமது எண்ணைத் தொலைத்துவிட்டால், 21இலிருந்து 7ஐயும் 9ஐயும் கழித்து 5ஐ மீட்டுக்கொள்ளலாம். தட்டுக்களில் நிகழ்வது இரும எண்களில் அமைந்த, இதனினும் எளிய கணக்கு, கருத்து இதுவே. நான்கு டெராபைட் தட்டுக்கள் நான்கிருந்தால், பன்னிரண்டு டெராபைட் நமக்குக் கிடைக்கும். எஞ்சிய ஒரு பங்கு மீட்புக்கணக்குக்குப் போய்விடும். ஒரு தட்டு கெட்டால் பிழையில்லை. இருவர் ஒரே வேளையில் எண்ணைத் தொலைத்தால் ஒன்றும் செய்வதற்கில்லை.

ஆகவே இந்நான்கும் தனித்தனித் தட்டுக்கள் அல்ல. ஒரே சுவடியின் இதழ்கள். ஒன்றைமட்டும் எடுத்து வேறு கணினியிற் செருகினால் ஒரு படத்தைக்கூடக் காணமுடியாது. ஏடெழுதியோர் இதழின் ஓரத்தில் எண் இட்டு வைத்ததுபோல, ஒவ்வொரு தட்டிலும் அது எந்தத் தொகுதியைச் சேர்ந்தது, அதில் எத்தனையாவது என்ற குறிப்பு பொறிக்கப்பட்டிருக்கிறது. கயிறு அறுந்து இதழ்கள் கலைந்தாலும் ஓர எண் கண்டு அடுக்கிவிடலாம் அல்லவா? பெட்டி மாறினாலும் தட்டுக்கள் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்வது இதனாலேயே. சினோலஜி போன்ற நிறுவனத்தாரின் பெட்டிகளில் இயங்குதளமே இத்தட்டுக்களின் ஒரு சிறு பகுதியில்தான் எழுதப்பட்டிருக்கிறது. பெட்டி ஏறக்குறைய வெறும் உடல். உயிர் தட்டுக்களிலே என்னலாம்.

ஆனால் எந்த உடலும் எந்த உயிரையும் ஏற்றுக்கொள்ளாது. ஒரே நிறுவனத்தாரின் பழைய பெட்டியிலிருந்து புதிய பெட்டிக்குப் போவது பெரும்பாலும் எளிது. ஒரு நிறுவனத்தாரின் பெட்டியிலிருந்து மற்றொரு நிறுவனத்தாரின் பெட்டிக்குத் தட்டுக்களை மாற்றினால், புதியது அவற்றைப் பழைய தொகுதியாக ஏற்பதில்லை. ‘இனிஷியலைஸ் செய்யவா?’ என்று மிகப் பணிவாகக் கேட்கும். அச்சொல்லின் பொருள் ‘உள்ளதையெல்லாம் அழித்துவிடவா?’ என்பதே. இவ்வளவு கொடிய கேள்வியை இவ்வளவு மரியாதையாகக் கேட்கும் பொருள் வேறொன்றை நாம் கண்டதில்லை. நேயர்களில் எவரேனும் அந்த வினாவைத் திரையிற் கண்டால், ஆம் என்பதை அழுத்தாமல் மின்னிணைப்பை நிறுத்திவிட்டு எழுந்துபோய் ஒரு தேநீர் அருந்துங்கள். பழைய பெட்டி லினக்ஸ் முறையில் எழுதியிருந்தால், லினக்ஸ் நிறுவிய சாதாரணக் கணினி ஒன்றிலேயே அத்தட்டுக்களைச் சேர்த்துப் படிக்க வழியுண்டு. அதற்குக் கைதேர்ந்த ஒருவர் வேண்டும்.

2025 ஏப்ரலில் சினோலஜி நிறுவனத்தார், அவ்வாண்டு முதல் வரும் தம் ‘பிளஸ்’ வகைப் பெட்டிகளில் தாம் சான்றளித்த தட்டுக்களே முழுமையாக இயங்கும் என்று அறிவித்தனர். உலகெங்கும் வாடிக்கையாளர் முறையிட்டனர். அவ்வாண்டு ஒக்டோபரில் வந்த 7.3 என்னும் மென்பொருட் பதிப்பில் அக்கட்டுப்பாட்டைத் தளர்த்திப் பிறர் தட்டுக்களையும் ஏற்றுக்கொண்டனர். பெட்டி விற்பவர் தட்டையும் தம்மிடமே வாங்கு என்பது, பேனா விற்பவர் நான் விற்கும் தாளில் மட்டும் எழுது என்பது போன்றதே. வாங்குவோர் வாய்திறந்தால் வணிகர் செவிசாய்ப்பர் என்பதற்கு இஃதொரு நல்ல சான்று.

பெயர்க்கும் வேலைக்கு, கிண்ணியாவிற் கணினி திருத்தும் கடை வைத்திருக்கும் எம் பழைய மாணவர் ஒருவரை அழைத்தோம். “சேர், முதல்ல பழைய பெட்டிக்குக் கடைசியா வந்த மென்பொருளைப் போட்டுட்டுத்தான் கழட்டணும்” என்றார் அவர். பழையதற்கும் புதியதற்கும் இடையே பதிப்பு வேற்றுமை மிகுந்திருந்தால் சிக்கல் வரலாம் என்பது அவர் கருத்து, சரியான கருத்து. பிறகு எமது இல்லத்தரசியாரின் காகித ஒட்டிகளை வாங்கி 1, 2, 3, 4 என்று எழுதினார். “தம்பி, தட்டிலேயே எண் இருக்கிறதே, இது எதற்கு?” என்றோம். “அது பெட்டிக்கு, சேர். இது எனக்கு” என்றார்.

பெட்டியை முறைப்படி நிறுத்தி, விளக்குகள் அணைந்தபின் தட்டுக்களை ஒவ்வொன்றாக உருவி, தூசு துடைத்து, அதே வரிசையிற் புதிய பெட்டியிற் செருகினார். புதியதில் வேறு தட்டு எதுவும் முன்னர்ச் செருகப்படவில்லை. “படம் வந்தாச் சொல்லுங்கோ, தேத்தண்ணி போடுறன்” என்று அடுக்களையிலிருந்து குரல் வந்தது. இருபது நிமிடம் ஆயிற்று. பெட்டி, தட்டுக்களிற் பழைய தொகுதி இருப்பதைக் கண்டு, பெயர்க்கலாம் என்றது. இயங்குதளத்தைப் புதிதாக எழுதிக்கொண்டது, கோப்புக்களைத் தொடவில்லை. முதலில் நாம் திறந்தது ஒரு தாலாட்டு. பாடியவர் 2019இற் காலமானவர். குரல் கேட்டதும் அந்த மாணவர் வேலையை நிறுத்திவிட்டார். அவருடைய தாயின் தாயார் அவர்.

எல்லாம் புதிதாகிவிட்டன என்று எண்ணுவதற்கில்லை. பெயர்த்துவைக்கும் தட்டுக்கள் பழைய வீட்டின் எல்லைகளையும் உடன் கொண்டுவரும். பழைய 32 பிற் செயலியுள்ள சில பெட்டிகளில் அமைத்த தொகுதி, புதிய பெட்டிக்குப் போனாலும் 16 டெராபைட்டுக்கு மேல் வளராது. கோப்பு முறைமையும் பழையதாகவே இருக்கும். அதனை மாற்ற விரும்பினால் யாவற்றையும் வெளியே எடுத்து மீண்டும் எழுதத்தான் வேண்டும்.

தட்டுக்களின் வயதும் கணக்கில் வரும். ஓயாமற் சுழலும் தட்டு ஆண்டொன்றுக்கு 8,760 மணி உழைக்கிறது. எமது நான்கில் மூன்று, ஏழாண்டுகள் உழைத்து அறுபதாயிரம் மணியைக் கடந்தவை. தட்டு தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ‘ஸ்மார்ட்’ என்னும் ஏற்பாட்டை மாதந்தோறும் பார்க்கிறோம். பழுதான இடங்களை விட்டு மாற்றிடத்தில் எழுதிய எண்ணிக்கை அங்கே காட்டப்படும். அவ்வெண் சுழியமாக இருக்கும்வரை கவலை குறைவு. ஏறத் தொடங்கினால் காத்திராமல் மாற்றிவிடவேண்டும். ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கிய தட்டுக்கள் ஏறத்தாழ ஒரே காலத்தில் தளர்ந்துபோகவும் கூடும். ஒரு தட்டு கெட்டு, அதன் பங்கை மீட்கும் நீண்ட கணக்கில் எஞ்சிய மூன்றும் இராப்பகலாக உழைக்கும் வேளையே இன்னொன்று கெடுவதற்கு வாய்ப்பான வேளை.

மின்சாரத்தின் குறும்பு வேறு. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்திற் குரங்கொன்று புகுந்து நாடு முழுவதையும் இருளில் ஆழ்த்தியது. இலங்கையைக் கலங்கவைத்த வானரக் கதை நமக்குப் புதிதன்று. இம்முறை வாலில் தீயில்லை, அவ்வளவே. எழுதிக்கொண்டிருக்கும்போது மின் அறுந்தால் தொகுதி குலையக்கூடும் என்பதால் யூபிஎஸ் ஒன்றைப் பெட்டிக்கு முன்னே வைத்துள்ளோம்.

பலரும் மயங்குமிடம் ஒன்றுண்டு. மேலே சொன்ன கூட்டுத்தொகைக் கணக்கு தட்டுக் கெடுதலுக்கு மட்டுமே மருந்து. தவறி அழித்தல், திருட்டு, தீ, வெள்ளம் ஆகியவற்றுக்கு அது மருந்தன்று. சிறுப்பிட்டி தாமோதரம்பிள்ளையவர்கள் 1887இற் கலித்தொகையை அச்சேற்றினார். அழிந்துவரும் ஏடுகளைக் கண்டு வருந்தியவர் அவர். அச்சேறியமையால் ஒரு நூல் ஒரே வீட்டிற் கிடந்து மடியும் நிலை நீங்கியது. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது வேறு படியிருந்த நூல்களை மீண்டும் தேடிப் பெறமுடிந்தது. படியில்லாத சுவடிகள் போனவை போனவையே.

ஆதலால் தட்டுக்களைக் கழற்றுமுன்பே, முழுத் தொகுதியையும் வெளித்தட்டொன்றிற் படியெடுத்தோம். அது பாலத்துக்கு அப்பால், திருகோணமலையில் எமது தமக்கையார் வீட்டு அலுமாரியில் இருக்கிறது. 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்படுமுன், மிதவைப் பாதையில் ஏறி அதைக் கொண்டுபோவதென்றால் நெஞ்சு பதைத்திருக்கும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியால் நாடெங்கும் வெள்ளம் பெருகிய நாட்களில் அந்த அலுமாரியை நினைத்தே உறங்கினோம். பாடியோரின் குடும்பத்தார் இசைந்த ஒலிப்பதிவுகளை, 2005 முதல் இணையத்தில் ஈழத்தமிழ் நூல்களைத் திரட்டிவரும் ‘நூலகம்’ அமைப்பினருக்கு அனுப்பவும் எண்ணியுள்ளோம்.

பழைய பெட்டி அந்த மாணவரின் கடையில் இருக்கிறது. அதன் மின்விசிறியைக் கழற்றி வேறொருவருக்குப் பொருத்திவிட்டாராம். மூன்றாம் அறைத் தட்டில் அந்த எண் சென்ற மாதம் சுழியத்திலிருந்து இரண்டாயிற்று. புதிய தட்டொன்றுக்குச் சொல்லிவைத்திருக்கிறோம்.