வாய்க்கால் கரையில் ஒரு தமிழ் ஊர்

தில்லிவாசிகளின் அகராதியில் விந்திய மலைக்குத் தெற்கே பிறந்த எல்லோருமே மதராசிகள்தான். மத்திய அரசுச் செயலாளர் முதல் இட்லிக் கடைக்காரர் வரை அந்தப் பெயரைக் கேட்டு முகம் சுளித்தவர்கள் ஏராளம். அதை அலட்டிக்கொள்ளாமல் முகவரியாகவே வைத்துக்கொண்டவர்கள், ஜங்புராவில் பாராபுலா வாய்க்காலின் கரையில் குடியிருந்த தமிழர்கள். 1960களின் இறுதியிலிருந்து பிழைப்புத் தேடி ரயிலேறி வந்தவர்கள் கட்டிய குடிசைகள் நாளடைவில் ‘மதராசி கேம்ப்’ ஆயின. அங்கே கோயில் இருந்தது, ரேஷன் கார்டு இருந்தது, ஓட்டு இருந்தது. 2025 ஜூன் 1, ஞாயிற்றுக்கிழமை காலை புல்டோசர்கள் வந்தன. சுமார் 370 வீடுகள் இருந்த ஊர் செங்கல் குவியலானது.

இடிக்கச் சொன்னது தில்லி உயர் நீதிமன்றம். குடியிருப்பு வாய்க்காலை அடைத்து நிற்கிறது. மழைக்காலத்தில் சுற்றுப்புறம் மூழ்குகிறது. பொது நிலத்தில் இருப்பவர்கள் மறுவாழ்வு கேட்கலாம், அதற்கு மேல் உரிமை கோர முடியாது என்றது மே 9ஆம் தேதி ஆணை. இதை அநியாயம் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட முடியாது. 2024 ஜூன் இறுதியில் ஒரே நாளில் 228 மி.மீ. மழை கொட்டி, தலைநகரமே மிதந்ததை யாரும் மறக்கவில்லை.

ஆனால் வாய்க்காலின் மேல் கை வைத்தது ஏழைகள் மட்டும்தானா? 2010 காமன்வெல்த் விளையாட்டுக்காக வீரர்களின் கார்கள் தடையின்றிப் பறக்க, இதே வாய்க்காலின் வழியே தூண்களை நட்டு மேம்பாலம் கட்டியது அரசு. விளையாட்டு வீரர்கள் தங்கிய கிராமம் எழுந்தது யமுனையின் வெள்ளச் சமவெளியில். அவற்றுக்குப் பெயர் வளர்ச்சி. குடிசைக்குப் பெயர் ஆக்கிரமிப்பு.

அருகிலேயே, ஜஹாங்கீர் காலத்தில் கட்டப்பட்ட பாராபுலா பாலம் இருக்கிறது. பன்னிரண்டு தூண்கள், பதினொரு வளைவுகள். நானூறு வருடப் பழைமைக்குத் தொல்லியல் துறையின் பாதுகாப்பு உண்டு. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிதாக எதையும் கட்டக்கூடாது என்கிறது சட்டம். நல்ல சட்டம்தான். ஐம்பது வருடப் பழைமையுள்ள மனிதக் கூட்டத்துக்குத்தான் அப்படி ஒரு சட்டம் இல்லை.

சிக்கலின் வேர் நகரத் திட்டத்தில் இருக்கிறது. தில்லி வளர்ச்சி ஆணையம் 1957இல் பிறந்தது. முதல் மாஸ்டர் பிளான் 1962இல் வந்தது. எந்த நிலம் வீட்டுக்கு, எது கடைக்கு, எது பூங்காவுக்கு என்று வண்ணம் பூசிப் பிரித்த வரைபடங்கள் அவை. ஜங்புராவின் வீடுகளில் பாத்திரம் துலக்கும் பெண் இரவில் எங்கே படுப்பாள் என்ற கேள்விக்கு மட்டும் வண்ணம் போதவில்லை. வேலைக்காரி வேண்டும், அவள் வீடு வேண்டாம் என்றால் அவள் வாய்க்கால் கரைக்குத்தான் போவாள்.

மாற்று வீடு தரவில்லையா? தந்தார்கள். இடிப்பு நாளில் வெளியான கணக்குப்படி, 189 குடும்பங்களுக்கு நரேலாவில் ஃப்ளாட். மற்றவர்கள் காகிதத்தில் தோற்றவர்கள். குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு முன்பே அங்கு இருந்ததை ஆவணத்தால் நிரூபிக்க வேண்டும் என்பது விதி. நரேலா தில்லியின் வடகோடி. ஜங்புராவிலிருந்து சுமார் 40 கி.மீ. காலை ஏழு மணிக்கு எஜமானி வீட்டில் நிற்க வேண்டியவள் எத்தனை மணிக்கு பஸ் ஏறுவாள்? நாலு வீட்டு வேலையில் வரும் காசில் எவ்வளவு டிக்கெட்டுக்குப் போகும்? கூரை கிடைத்தது, கூலி கைவிட்டுப் போனது.

பிள்ளைகளின் கதை வேறு. கேம்ப்பிலிருந்து எட்டிய தூரத்தில், லோதி எஸ்டேட்டில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி இருக்கிறது. கழகத்துக்கு நகரில் ஏழு பள்ளிகள் உண்டு; நரேலாவில் ஒன்றுகூட இல்லை. வீட்டோடு சேர்ந்து தமிழ் வகுப்பும் போகிறது. சொந்த மாவட்டத்துக்குத் திரும்ப விரும்பினால் உதவுவோம் என்றது தமிழக அரசு. பரிவான வார்த்தைதான். தில்லியில் பிறந்து, தில்லி இந்தியில் சண்டை போட்டு வளர்ந்தவனுக்குத் திரும்பிப்போக ஊர் எது?

வேறு வழியே இல்லை என்பது உண்மையல்ல. குடிசைவாசிகளுக்கு அதே இடத்தில், அல்லது ஐந்து கி.மீ. சுற்றளவில் வீடு தர வேண்டும், அதைத் தாண்டுவது விதிவிலக்காக மட்டுமே இருக்க வேண்டும் என்று சொல்வது தில்லி அரசின் 2015ஆம் ஆண்டுக் கொள்கையே. கால்காஜியில் குடிசைப் பகுதியை ஒட்டியே 3,024 ஃப்ளாட்டுகள் கட்டி 2022இல் சாவி கொடுத்தார்கள். அங்கே முடிந்தது ஜங்புராவுக்கு அருகில் ஏன் முடியவில்லை? வாய்க்காலைத் தூர்வாருவது அவசியம்தான். அதற்கு முன் ஐந்து கி.மீ.க்குள் வீடு தேடியிருக்க வேண்டும். தேட ஐம்பது வருடம் இருந்தது.