கண்ணாடிக் குழலில் மை

ஊற்றுப் பேனாவின் வரலாறு என்பது, ஒரு வகையில், மைக்கறையோடு மனிதன் நடத்திய போராட்டத்தின் வரலாறுதான். லூயி எட்சன் வாட்டர்மன் என்னும் அமெரிக்கர் 1884ஆம் ஆண்டில் தம் பேனாவுக்குக் காப்புரிமை பெற்றார். நிப்புக்கு அடியிலுள்ள கட்டையில் நுண்ணிய வாய்க்கால்களை வெட்டி, மை இறங்கும் அளவுக்குக் காற்று மேலே ஏறும்படி செய்தார். காப்புறுதி முகவரான அவர், ஒப்பந்தத் தாளில் மை கொட்டியதால் ஒரு வாடிக்கையாளரை இழந்தார் என்றும், அந்த ஆத்திரத்தில்தான் பேனாவைத் திருத்தினார் என்றும் ஒரு கதை உண்டு. அதற்கு நல்ல சான்று ஏதுமில்லை. ஆயினும் சட்டைப்பையில் மை கசிந்த அனுபவமுள்ளவர்கள் அதனை மறுக்க முன்வருவதில்லை!

ஒழுகுவது ஒருவாறு குறைந்தது. நிரப்பும் தொல்லை குறையவில்லை. முதலில் சொட்டுக்குழாய் இருந்தது. பின்னர்ப் பேனாவின் வயிற்றுக்குள் ரப்பர்ப் பையும், அதனை அமுக்க ஒரு நெம்புகோலும் வந்தன. எதுவாயினும் மைக்கூடு பக்கத்தில் இருந்தாக வேண்டும். வெள்ளைச் சட்டைகளுக்கிடையே மைக்கூட்டை வைத்துப் பெட்டியைப் பூட்டிய பயணி, ஊர் போய்ச் சேரும்வரை நிம்மதியாக இருந்திருக்க முடியாது.

பிரான்சு நாட்டில் வாட்டர்மன் பேனாக்களைச் செய்து விற்ற ஜிஃப்-வாட்டர்மன் நிறுவனம் 1930களின் நடுவில் இதற்கொரு விடை கண்டது. மையை முன்கூட்டியே அடைத்து வைத்த சிறு கண்ணாடிக் குழலே அது. வாயை மூடியிருக்கும் தக்கையை நீக்கிவிட்டு, குழலைப் பேனாவின் கழுத்தில் செருகினால் போதும். தீர்ந்தால் எறிந்துவிட்டு வேறொன்றைச் செருகலாம்.

கண்ணாடி என்றதும் அது உடையுமே என்ற அச்சம் எழுவது இயல்பு. அவ்வச்சம் பொய்யுமன்று. மெல்லிய குழல் சற்றுக் கோணலாக அழுத்தினாலே விரிசல் காணும். ஆனால் கண்ணாடிக்கு ஒரு பெருமை உண்டு. மையிலுள்ள அமிலம் அதனை அரிப்பதில்லை. அக்காலத்து ரப்பர்ப் பைகள் காலப்போக்கில் இறுகி நொறுங்கிப் போயின. கண்ணாடிக் குழல்களோ உடையாதவரை அன்றிருந்தபடியே இருக்கின்றன. மலிவும் உறுதியும் வேண்டி 1950களில் பிளாஸ்டிக் குழல் வந்தது. அதன் சுவர் வழியே நீர் மெல்ல மெல்ல ஆவியாவதால், பல்லாண்டு கிடந்தால் மை குறைந்து தடித்துவிடும். உடையாத பொருளுக்கும் இப்படியொரு குறை!

இதற்குள் வேறொரு போட்டி மூண்டுவிட்டது. பிரான்சில் மார்செல் பிக் 1950ஆம் ஆண்டில் மலிவான பந்துமுனைப் பேனாவை விற்கத் தொடங்கினார். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அமெரிக்க வாட்டர்மன் நிறுவனமே அவர் கைக்குப் போயிற்று. பிரெஞ்சுக் கிளை மட்டும் பிழைத்து ஊற்றுப் பேனாவைக் காப்பாற்றியது.

இன்று அத்தகைய பழம்பேனா ஒன்றைத் தேடி வாங்குபவருக்கு ஒரு சங்கடம் காத்திருக்கிறது. பேனாவோடு பெரும்பாலும் ஒற்றைக் குழல்தான் கிடைக்கும், அதுவும் அடியில் மைப்பொடி உறைந்து. அதனைச் செருகினால் உடையலாம். செருகாவிட்டால் பேனா எழுதாது. பலர் அஞ்சி, பேனாவைப் பட்டு விரித்த பெட்டியில் படுக்க வைத்துவிடுகின்றனர். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. எனினும், எழுதப்படாத பேனாவைவிட உடைந்த குழலே மேல் என்று கருதும் சிலரும் இருக்கின்றனர்; நியாயம் அவர்கள் பக்கமே. எறிவதற்கென்று செய்யப்பட்ட அந்தக் குழலை அவர்கள் வெதுவெதுப்பான நீரும் அன்று, குளிர்ந்த நீரிலேயே பொறுமையாக ஊற வைக்கின்றனர். ஊசிக்குழலால் மையைச் சொட்டுச் சொட்டாக இறக்குகின்றனர். பிறகு மூச்சை அடக்கிக்கொண்டு, நேராக, ஒரே அழுத்தில் செருகுகின்றனர்.

பாதிக் கடிதத்தில் எழுத்து வெளுக்கத் தொடங்கினால், கழுத்தைக் கழற்றிக் குழலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்கள். இன்னும் எத்தனை வரிகளுக்கு மை இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும்.